எழுத்துக் குறியிட்ட காயங்கள்: பரோக் கால மறைசாட்சி அச்சுப்படங்கள்

ரோமில் 1580களில் அச்சான ஒரு படத்தொகுப்பில் எந்தத் தாளைப் புரட்டினாலும் கொலைதான். ஒருவரைக் கல்லெறிந்து கொல்கிறார்கள். இன்னொருவரை இரும்புக் கட்டிலில் கிடத்தி வாட்டுகிறார்கள். ஒரு பெண்ணின் மார்பை அறுக்கிறார்கள். இதைவிட விசித்திரமான ஒன்றும் அந்தப் படங்களில் உண்டு. ஒவ்வோர் உடலுக்கும் பக்கத்தில் ஏ, பி, சி என்று சின்னதாக ஓர் எழுத்து நிற்கிறது. படத்துக்குக் கீழே அந்தந்த எழுத்துக்கு நேரே விளக்கம்: இவர் இன்னார், இந்தப் பேரரசன் காலத்தில் இப்படிக் கொல்லப்பட்டார். பள்ளி உயிரியல் புத்தகத்தில் தவளையின் உள்ளுறுப்புகளுக்குப் பாகம் குறித்திருப்பார்களே, அந்த மாதிரி. கீழே இருக்கும் உரையும் அழுவதில்லை, அலறுவதில்லை. பெயர், காலம், முறை, அவ்வளவுதான்.

பதினேழாம் நூற்றாண்டு ஐரோப்பாவில் ஓங்கியிருந்த பரோக் கலை என்றால் பொங்கி வழியும் உணர்ச்சி, சுழலும் மேகம், மேலே பார்க்கும் கண்கள் என்றுதான் பொதுவாகச் சொல்வார்கள். அது ஓரளவுக்கு உண்மை. ஆனால் அந்தக் காலத்தின் மறைசாட்சிப் படங்களுக்கு, அதாவது விசுவாசத்துக்காக உயிர்விட்டவர்களின் படங்களுக்கு, அடித்தளம் போட்ட அச்சுத் தாள்கள் இப்படித்தான் ஆரம்பித்தன. அவற்றின் குரல் கோர்ட்டில் சாட்சி சொல்பவரின் குரல். இதற்குக் காரணத்தை அந்தக் கலைஞர்களின் மனநிலையில் தேடுவதைவிட, அப்போது நடந்துகொண்டிருந்த சண்டையில் தேடுவது பலன் தரும்.

மேற்சொன்ன தொகுப்பு ஒரு கோயிலின் சுவரிலிருந்து வந்தது. ரோமில் செலியன் குன்றின் மேல் வட்ட வடிவில் ஒரு பழங்கோயில் இருக்கிறது. தமிழ்க் கத்தோலிக்கர் முடியப்பர் என்று அழைக்கும் புனித ஸ்தேவானுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. ஜெர்மனி, ஹங்கேரி நாடுகளுக்கான குருமாணவர்களைப் பயிற்றுவித்த இயேசு சபை (கத்தோலிக்கத் துறவற சபை) கல்லூரியின் பொறுப்பில் அது இருந்தது. 1582 வாக்கில் நிக்கோலோ சிர்சிஞ்ஞானி என்ற ஓவியர் அதன் சுற்றுச்சுவரில் முப்பதுக்கும் மேற்பட்ட மறைசாட்சிக் காட்சிகளை வரைந்தார். ஆதித் திருச்சபையை ஒடுக்கிய ஆட்சியாளர்களின் வரிசையில் காட்சிகள் நகர்கின்றன. முன்புறத்தில் ஒரு கொலை பெரிதாக. அதே படச் சட்டகத்துக்குள் பின்னால் தூரத்தில் வேறு பல கொலைகள் சிறிதாக. எழுத்துக் குறிகளும் லத்தீன், இத்தாலிய விளக்கங்களும் சுவரிலேயே உண்டு. 1840களில் ரோமுக்கு வந்த சார்ல்ஸ் டிக்கன்ஸ் இந்தக் கோயிலைப் பார்த்துவிட்டு, கனவிலும் காண முடியாத கசாப்பு என்கிற தொனியில் எழுதிவைத்தார். அவர் பார்த்தது சரிதான். ஆனால் அந்தச் சுவர் அவரைப் போன்ற பயணிகளுக்காக எழுப்பப்பட்டதில்லை. அங்கே தினமும் ஜெபித்த இளைஞர்கள் புராட்டஸ்டன்ட் ஆட்சி நடந்த ஊர்களுக்குத் திரும்பிப்போக வேண்டியவர்கள். தங்களுக்கு என்ன நேரலாம் என்பதைக் கண் கூசாமல் பார்க்கப் பழக வேண்டும்.

ஜொவான்னி பத்தீஸ்தா கவலியேரி என்ற செதுக்குக் கலைஞர் அந்தச் சுவரோவியங்களைச் செப்புத் தகடுகளுக்கு மாற்றினார். கோயிலுக்கு வர முடியாதவர்கள் கையிலும் அந்தச் சுவர் போய்ச் சேர்ந்தது.

சரி, இந்த எழுத்துக் குறியும் பேரரசர் பட்டியலும் எதற்கு? புனிதர் வணக்கம் என்பதே புராட்டஸ்டன்டுகளின் தாக்குதலுக்கு இலக்காகியிருந்தது. ஐரோப்பாவின் கோயில்களில் இருக்கும் திருப்பண்டங்களை (புனிதர்களின் எலும்பு முதலிய எச்சங்களை) எல்லாம் ஒன்றாகச் சேர்த்தால் ஒரே அப்போஸ்தலருக்குப் பல உடல்கள் தேறும் என்று புராட்டஸ்டன்ட் தலைவர் கால்வின் 1543இல் கிண்டலடித்து எழுதினார். புனிதர் கதைகளில் பாதி கட்டுக்கதை என்ற குற்றச்சாட்டு பரவியிருந்தது; நெதர்லாந்தில் 1566இல் கூட்டம் கூட்டமாகப் புகுந்து சிலைகளையும் படங்களையும் உடைத்தார்கள். 1563 டிசம்பரில் கத்தோலிக்க ஆயர்கள் கூடிய திரெந்து பொதுச்சங்கம் தன் கடைசி அமர்வில் புனிதர் படங்களை வைத்திருப்பது முறையே என்று உறுதிசெய்தது. கூடவே, படங்கள் மக்களுக்குப் போதிக்க வேண்டும், அவற்றில் பொய்யும் ஆபாசமும் கூடாது, ஆயர்கள் கண்காணிக்க வேண்டும் என்றும் சொன்னது. அடுத்த ஆண்டே ஜொவான்னி அந்திரேயா ஜிலியோ என்ற குரு ஓவியர்களைக் கடிந்து எழுதினார். இவர்கள் வரையும் மறைசாட்சிகள் குளித்து முடித்து வந்தவர்கள் போல இருக்கிறார்கள், உடலில் ஒரு கீறல் இல்லை என்பது அவர் புகார். செபஸ்தியாரை முள்ளம்பன்றி மாதிரி தெரியும்படி அம்புகளோடு வரையுங்கள் என்றார்.

இந்தக் கண்டிப்போடு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. 1578 மே மாதம் ரோமுக்கு வெளியே சலாரியா சாலையோரத் திராட்சைத் தோட்டம் ஒன்றில் மண் தோண்டியவர்கள், சுவரோவியங்களோடு கூடிய ஆதிக் கிறிஸ்தவர்களின் நிலத்தடிக் கல்லறை ஒன்றுக்குள் விழாத குறையாக நுழைந்தார்கள். ரோமில் பெரும் பரபரப்பு. காலடியிலேயே ஆதாரம் கிடக்கிறது என்ற உற்சாகத்தில் திருச்சபை அறிஞர்கள் வரலாற்றில் இறங்கினார்கள். சேசரே பரோனியோ மறைசாட்சிகளின் ஆண்டு நாள்காட்டியைத் திருத்தி, ஆதாரக் குறிப்புகளோடு வெளியிடும் பணியில் இருந்தார். படத்தில் எழுத்துக் குறி போட்டவர்களும் இதே மனநிலையில்தான் போட்டார்கள். இது நடந்தது, இவருக்கு நடந்தது, இப்படி நடந்தது. வேண்டுமானால் கீழே பார்த்துக்கொள். உருக்கம் அந்தப் படத்தில் இல்லாததற்கு இதுதான் காரணம். எதிராளி பொய் என்கிறான் என்றால், சாட்சி அழுதுகொண்டு பேசினால் எடுபடாது.

இது வெறும் தொனி சார்ந்த விஷயம் என்று நினைத்துவிட வேண்டாம். இந்தப் படங்கள் உண்மையிலேயே ஒரு வழக்கில் சாட்சி சொன்ன கதை ஒன்று உண்டு. எனக்கு இந்தத் துறையிலேயே மிகவும் பிடித்த கதை அதுதான்.

ரோமில் ஆங்கிலேயக் குருமாணவர்களுக்கும் ஒரு கல்லூரி இருந்தது. இங்கிலாந்தில் முதலாம் எலிசபெத் அரசியின் ஆட்சி. வெளிநாட்டிலிருந்து வரும் கத்தோலிக்கக் குருக்களைத் தேசத்துரோகிகளாகப் பார்த்த காலம். 1581 டிசம்பர் 1ஆம் தேதி லண்டன் டைபர்ன் மேட்டில் இயேசு சபைக் குரு எட்மண்ட் கேம்பியன் தூக்கிலிடப்பட்டு, உடல் கூறுபோடப்பட்டது. அதே நாளில் மாண்ட ரால்ஃப் ஷெர்வின் ரோமிலிருந்த அந்தக் கல்லூரியின் மாணவர். இரண்டே ஆண்டுகளில் கல்லூரிக் கோயிலின் சுவரில் அந்தக் கொலை ஓவியமாகிவிட்டது. வரைந்தவர் அதே சிர்சிஞ்ஞானி. செலவை ஏற்றவர் கேம்பியனின் நண்பர் ஜார்ஜ் கில்பர்ட். பிரித்தானியாவின் பழங்கால மறைசாட்சிகளில் தொடங்கி, இன்னும் ரத்தம் காயாத கேம்பியன் வரை ஒரே வரிசை. 1584இல் கவலியேரி அதையும் 36 செப்புத் தகடுகளாக்கி வெளியிட்டார். கேம்பியனும் ஷெர்வினும் அப்போது முறைப்படி புனிதர்கள் ஆகியிருக்கவில்லை. ஆனால் திருத்தந்தை பதின்மூன்றாம் கிரகோரி அந்த ஓவியங்களை அனுமதித்திருந்தார்.

பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் பிரெஞ்சுப் படைகள் ரோமைப் பிடித்தன. கல்லூரி சூறையாடப்பட்டது. பழைய கோயிலும் அதன் சுவரோவியங்களும் அழிந்தன. மிஞ்சியது கவலியேரியின் அச்சுப் புத்தகம்தான். 1886 டிசம்பரில் திருத்தந்தை பதின்மூன்றாம் லியோ ஆங்கிலேய மறைசாட்சிகள் 54 பேருக்கு முக்திப்பேறு பட்டத்தை (புனிதர் நிலைக்கு முந்தைய படி) உறுதிசெய்தபோது முன்வைக்கப்பட்ட வாதம் இது: முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே ஒரு திருத்தந்தையின் அனுமதியோடு இவர்கள் கோயில் சுவரில் மறைசாட்சிகளாக வரையப்பட்டிருந்தார்கள், ஆகவே அவர்களுக்கு வணக்கம் அப்போதே ஏற்கப்பட்டிருந்தது. சுவர் போய்விட்டது, சுவரைக் காட்டியது அச்சுத் தாள். கேம்பியன் 1970இல் புனிதராக அறிவிக்கப்பட்டார்.

அச்சு முறை பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் இந்தப் படங்கள் ஏன் இவ்வளவு நுணுக்கமாக இருக்கின்றன என்பது புரியாது. மரக்கட்டையில் செதுக்கும் படத்தில் மேடான பகுதி மை ஏந்தும். எழுத்து அச்சுக்களும் அப்படித்தான் என்பதால் படத்தையும் உரையையும் ஒரே பக்கத்தில் ஒரே அழுத்தில் அச்சிடலாம். மலிவு. ஆனால் கோடுகள் தடிமன். செப்புத் தகட்டில் நேர் எதிர்: புரின் என்ற கூர் உளியால் பள்ளம் கீறி, பள்ளத்தில் மை நிரப்பி, மேற்பரப்பைத் துடைத்துவிட்டு, ஈரத் தாளை வைத்து உருளைகளுக்கு இடையே பலமாக அழுத்துவார்கள். அதற்குத் தனி அச்சு எந்திரம் வேண்டும். உரையும் படமும் ஒரே பக்கத்தில் வர வேண்டுமென்றால் தாள் இரண்டு முறை ஓட வேண்டும். செலவு கூடும். பதிலுக்குக் கிடைப்பது மயிரிழைக் கோடு. தசையின் இழுப்பு, கயிற்றின் முறுக்கு, தூரத்து மலை எல்லாம் ஒரு சாண் தாளுக்குள் அடங்கும். ஆன்ட்வெர்ப் நகரம் இதில் ஐரோப்பாவின் தலைநகரமாக இருந்தது. பிளான்டின் அச்சகமும் விரிக்ஸ் சகோதரர்களும் காலே குடும்பமும் வெளியிட்ட படங்கள் மூட்டை மூட்டையாகக் கப்பலேறின. பெருவின் குஸ்கோ நகர ஓவியர்கள் அவற்றைப் பார்த்துத்தான் வரைந்தார்கள்.

ஒரு சின்ன உபயோகமான குறிப்பு. தகட்டில் வரைந்தது தாளில் இடம் வலம் மாறி விழும். ஒரு அச்சுப்படத்தை அப்படியே இன்னொரு தகட்டில் நகல் எடுத்தால் அது திரும்பித்தான் அச்சாகும். ஆகவே கொலையாளி இடது கையால் வாள் வீசுவதைக் கண்டால், அது யாரோ அவசரமாக அடித்த நகலாக இருக்க வாய்ப்பு உண்டு.

செப்புத் தகட்டுக்கு நிறம் கிடையாது என்பதையும் மறக்கக் கூடாது. சிலர் பின்னால் கையால் வண்ணம் தீட்டி விற்றார்கள் என்றாலும், பெரும்பாலான தாள்கள் கறுப்பு வெள்ளைதான். ரத்தம் சிவப்பாக இல்லாத மறைசாட்சியம். காயத்திலிருந்து பீய்ச்சுவது நாலைந்து மெல்லிய கோடுகள், வேறொன்றுமில்லை. சுவரில் அருவருப்பாக இருந்த காட்சி தாளில் படித்துப் பார்க்கக் கூடியதாக மாறியதற்கு இதுவும் காரணம் என்று நினைக்கிறேன்.

சாட்சி சொல்லும் வேலையில் கத்தோலிக்கர் மட்டும் இறங்கவில்லை, முந்திக்கொண்டவர்கள் மறுதரப்பினர். இங்கிலாந்தில் கத்தோலிக்கரான மேரி அரசியின் காலத்தில் எரிக்கப்பட்ட புராட்டஸ்டன்டுகளின் கதைகளை ஜான் ஃபாக்ஸ் தொகுக்க, ஜான் டே என்ற அச்சகர் 1563இல் மரச்செதுக்குப் படங்களோடு அதை வெளியிட்டார். அதற்குப் பதிலடி மாதிரி வந்தது ரிச்சர்ட் வெர்ஸ்டெகனின் வேலை. இங்கிலாந்தில் ரகசியமாக அச்சகம் நடத்தி, கேம்பியன் கொல்லப்பட்டதைப் பற்றி வெளியிட்டதால் நாட்டைவிட்டு ஓடிய மனிதர் அவர். பாரிசில் இருந்தபோது இங்கிலாந்தின் கொடுமைகளைக் காட்டும் படங்களை வெளியிட, ஆங்கிலேயத் தூதர் புகார் செய்து அவரைச் சிறையில் தள்ள வைத்தார். ஒரு படத்துக்காக ஒரு தூதரகம் அலறியது என்றால் அந்தப் படத்தின் பலம் தெரிகிறது. 1587இல் ஆன்ட்வெர்ப்பிலிருந்து அவர் கொண்டுவந்த புத்தகத்தில் யார்க் நகரின் மார்கரெட் கிளிதரோவும் இருக்கிறார். கசாப்புக்காரர் ஒருவரின் மனைவி; குருக்களுக்கு வீட்டில் இடம் கொடுத்தார் என்பது குற்றம். விசாரணைக்கு உடன்பட மறுத்ததால், 1586 மார்ச்சில் அவர் மேல் ஒரு கதவை வைத்து, கதவின் மேல் பாரம் ஏற்றி நசுக்கிக் கொன்றார்கள். இது பேரரசன் நீரோ காலத்துக் கதை கிடையாது. அச்சாவதற்கு ஓராண்டுக்கு முன் நடந்தது. ஆனால் வெர்ஸ்டெகனின் தாளில் அதே எழுத்துக் குறிகள், அதே நிதானம். பழைய ரோமும் புதிய இங்கிலாந்தும் ஒன்றுதான் என்று வாதாடாமலேயே வாதாடிவிடுகிறார்.

இந்த ஆதார வெறியின் உச்சம் 1591இல் ரோமில் வந்தது. அந்தோனியோ கல்லோனியோ பிலிப் நேரியின் சபையைச் சேர்ந்த குரு. மறைசாட்சிகளை வதைக்கப் பயன்பட்ட கருவிகளைப் பற்றி அவர் ஒரு முழுப் புத்தகம் எழுதினார். புனிதர்களைப் பற்றி என்பதைவிடக் கருவிகளைப் பற்றி. எந்தச் சக்கரம் எப்படிச் சுழலும், கப்பியில் கயிறு எப்படி ஓடும், கொக்கி எத்தனை வகை, சீப்பு எத்தனை வகை என்று நாற்பதுக்கும் மேற்பட்ட படங்கள். ஜொவான்னி குவெர்ரா வரைந்து, அந்தோனியோ தெம்பெஸ்தா செதுக்கியவை. புனிதரை அவர் கையில் இருக்கும் கருவியால் அடையாளம் காண்பது கிறிஸ்தவக் கலையில் பழைய வழக்கம்: லாரன்சுக்கு இரும்புக் கட்டில், கத்தரீனுக்குச் சக்கரம், பர்த்தலமேயுவுக்குக் கத்தி. கல்லோனியோவின் படங்களில் அந்த உறவு தலைகீழாகிறது. அங்கே சக்கரம்தான் கதாநாயகன். அதில் கட்டப்பட்டிருக்கும் மனிதர் அது எப்படி வேலை செய்கிறது என்று காட்ட வந்த ஒரு உடல். தெம்பெஸ்தா வேட்டைக் காட்சிகளுக்கும் போர்க் காட்சிகளுக்கும் பேர்போனவர்; ஆயிரத்துக்கும் மேற்பட்ட அச்சுப்படங்கள் செய்தவர். வேகமாக, சுத்தமாக, சலிக்காமல் செய்வார். இந்தப் புத்தகத்துக்கு அதுவே பொருத்தமாகிவிட்டது. எனக்கு இதைப் பார்க்கும்போது பக்தி வருவதில்லை என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கல்லோனியோவைக் குரூர ரசிகர் என்று ஒதுக்குபவர்களோடும் உடன்பட முடியவில்லை. பழைய நூல்களில் வரும் கருவிப் பெயர்கள் வெறும் சொற்களாக நின்றுவிட்டால் கதையும் கட்டுக்கதையாகிவிடும் என்று பயந்த ஆய்வாளர் அவர்.

படங்களின் பலம் கூடக்கூட ரோமுக்கே கவலை வந்தது. யார் வேண்டுமானாலும் இறந்த தங்கள் குருவின் தலையைச் சுற்றி ஒளிவட்டம் போட்டு விற்றால் என்ன ஆவது? திருத்தந்தை எட்டாம் உர்பான் 1625இலும் 1634இலும் விதிகளை இறுக்கினார். திருச்சபை அறிவிக்காத யாருக்கும் ஒளிவட்டமோ கதிரோ போட்டுப் படம் வெளியிடக் கூடாது. அதன் பிறகு வந்த மறைசாட்சிப் புத்தகங்களில் ஆசிரியரின் உறுதிமொழி ஒன்று இருக்கும்: இதில் மறைசாட்சி என்றும் புனிதர் என்றும் சொல்வதெல்லாம் மனிதப் பேச்சு வழக்கில் சொல்வதே, திருச்சபையின் தீர்ப்பை முந்துவதற்கில்லை. செதுக்குபவர்கள் இதற்கு வழி கண்டுபிடிக்காமல் இல்லை. ஒளிவட்டம் கூடாதென்றால் என்ன, மேகத்திலிருந்து ஒரு வானதூதர் குருத்தோலையும் மலர்முடியும் ஏந்தி இறங்கட்டுமே.

1620களில் காற்று மாறுகிறது. எழுத்துக் குறிகள் மெல்ல உதிர்கின்றன. இதற்குத் தொழில்நுட்பமும் ஒரு காரணம். உளியால் கீறும் முறையோடு எட்சிங் என்ற அமில முறை ஓவியர்களிடம் பரவியது. தகட்டின் மேல் மெழுகோ வார்னிஷோ பூசி, அதில் ஊசியால் வரைந்து, அமிலத்தில் அமிழ்த்தினால் கோடு தானே அரிக்கும். உளி பிடிக்க ஆண்டுக்கணக்கில் பயிற்சி வேண்டும். ஊசி பிடிக்க வரையத் தெரிந்தால் போதும். ஓவியரின் கை நடுக்கம்கூடத் தாளில் தெரியும்.

ஹுசேப்பே தெ ரிபேரா ஸ்பெயினில் பிறந்து, ஸ்பெயின் ஆட்சியிலிருந்த நேப்பிள்ஸில் வாழ்ந்தவர். அவர் செய்த அச்சுப்படங்கள் மொத்தமே இருபதுக்கும் குறைவு. அவற்றில் 1624இல் செய்த பர்த்தலமேயுவின் மறைசாட்சியம் தனியாக நிற்கிறது. கிழவரான அப்போஸ்தலர் மரத்தில் கட்டப்பட்டிருக்கிறார். கொலையாளி அவர் கையின் தோலை உரிக்கிறான். அவன் முகத்தில் கோபமோ வெறியோ இல்லை. நல்ல தொழிலாளி தன் வேலையில் குனிந்திருக்கும் கவனம்தான் இருக்கிறது. நேப்பிள்ஸின் பொதுத் தண்டனைகளை ரிபேரா நேரில் பார்த்து வரைந்தவர்; கயிற்றில் தொங்கவிடப்பட்ட கைதிகளின் கோட்டோவியங்கள் அவருடையவை கிடைத்திருக்கின்றன. கவலியேரியின் தாளில் கொலையாளி யாரோ ஒரு ரோமானியன். ரிபேராவின் தாளில் அவன் அடுத்த தெருக்காரன். பார்ப்பவருக்குச் சங்கடம் அங்கேதான் தொடங்குகிறது. தோல், சுருக்கம், மரப்பட்டை மூன்றையும் அவர் ஒரே வகைப் புள்ளிகளாலும் சிறு கோடுகளாலும் வரைந்திருப்பதை ஒரு பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்க வேண்டும். எது உரிகிறது, எது உரியாதது என்று கண் தடுமாறும்.

லொரேன் நாட்டு நான்சி நகரத்தின் ழாக் கலோ வேறு பாதையில் போனார். லூட் என்ற நரம்பு வாத்தியம் செய்பவர்கள் பூசும் கெட்டி வார்னிஷைத் தகட்டுக்குப் பயன்படுத்தி, எட்சிங்கிலேயே உளிக் கோட்டின் கூர்மையைக் கொண்டுவந்தவர் அவர். செபஸ்தியாரின் மறைசாட்சியத்தை அவர் 1630களின் தொடக்கத்தில் செய்தார். தாளை முதலில் பார்க்கும்போது செபஸ்தியார் எங்கே என்று தேட வேண்டியிருக்கும். பெரிய திடல், இடிபாடுகள், இருபக்கமும் வில்லாளிகள், வேடிக்கை பார்க்கும் கூட்டம். நடுவே, தூரத்தில், ஒரு கம்பத்தில் குண்டூசி அளவில் புனிதர். ஜிலியோ கேட்ட முள்ளம்பன்றிக்கும் இதற்கும் எவ்வளவு தூரம்! அம்புகள் இங்கே உடலைவிடக் காற்றில்தான் அதிகம். கலோவுக்கு வலியை நெருங்கிக் காட்டுவதில் ஆர்வமில்லை. ஒரு மனிதன் சாகும்போது சுற்றி உலகம் எவ்வளவு பெரிதாக, எவ்வளவு சாதாரணமாக இருக்கிறது என்பதைத்தான் காட்டினார். ஜப்பானின் நாகசாகியில் 1597 பிப்ரவரி 5 அன்று சிலுவையில் அறையப்பட்ட 26 பேரில், பிரான்சிஸ்கன் சபை சார்ந்த 23 பேரையும் அவர் ஒரு தாளில் வரிசையாக நிறுத்தினார். 1627இல் அவர்களுக்கு முக்திப்பேறு பட்டம் கிடைத்ததை ஒட்டி வந்த படம் அது. அந்த 23 பேரில் ஒருவர் மும்பைக்கு அருகிலுள்ள வசையில் பிறந்த கொன்சாலோ கார்சியா. கலோ ஜப்பானைப் பார்த்ததில்லை. பார்க்க வேண்டிய அவசியமும் அவருக்குத் தோன்றியிருக்காது. சிலுவைகளின் வரிசை போதுமானதாக இருந்தது.

ஆன்ட்வெர்ப் ஓவியர் ரூபன்ஸ் பற்றி நிறைய எழுதப்பட்டிருக்கிறது, சுருக்கமாகக் கடக்கிறேன். தன் ஓவியங்களை யாரும் அனுமதியின்றி அச்சிடாதபடி பிரான்சிலும் நெதர்லாந்தின் இரு பகுதிகளிலும் 1620ஐ ஒட்டி உரிமம் வாங்கி, லூக்காஸ் வோர்ஸ்டர்மன் போன்ற தேர்ந்த செதுக்குக் கலைஞர்களை வைத்து அச்சிட்டார். லாரன்சின் மறைசாட்சியத்தை வோர்ஸ்டர்மன் 1621இல் செதுக்கினார். கென்ட் நகரத்து இயேசு சபைக் கோயிலுக்காக ரூபன்ஸ் வரைந்த புனித லிவினுஸின் மறைசாட்சிய ஓவியத்தில் கொலையாளி பிடுங்கிய நாக்கை நாய்க்கு நீட்டுகிறான். கோர்னேலிஸ் வான் கௌகெர்கன் அதை 1657இல் அச்சுப்படமாக்கினார். பார்த்துவிட்டு உடனே மறந்துவிட முடிந்தால் நல்லது.

புராட்டஸ்டன்ட் பக்கத்தில் நான் நின்று பார்க்க விரும்புவது ஆம்ஸ்டர்டாமின் யான் லாய்கனிடம். மென்னோனைட் என்ற புராட்டஸ்டன்ட் பிரிவினருக்குப் புனிதர் வணக்கம் கிடையாது. ஒளிவட்டம், குருத்தோலை, வானதூதர் எதுவும் கூடாது. ஆனால் மறைசாட்சிகள் ஏராளம். அவர்களைப் பற்றிய பெரிய தொகுப்பு ஒன்று 1660இல் வந்தது. அதன் 1685ஆம் ஆண்டுப் பதிப்புக்கு லாய்கன் 104 எட்சிங்குகள் செய்தார். அவற்றில் ஒன்று டர்க் வில்லெம்ஸ் பற்றியது. அஸ்பெரன் ஊரில் 1569இல் சிறையிலிருந்து தப்பி, உறைந்த நீர்ப்பரப்பின் மேல் ஓடினார். துரத்தியவன் பனி உடைந்து நீரில் விழுந்தான். டர்க் திரும்பி வந்து அவனைக் காப்பாற்றினார், பிடிபட்டார், எரிக்கப்பட்டார். எரிப்பு மிகக் கொடூரமாக இருந்ததாக அந்தப் புத்தகத்திலேயே விவரம் இருக்கிறது. லாய்கன் அதை வரையவில்லை. உடைந்த பனி விளிம்பில் மண்டியிட்டு, நீருக்குள் இருப்பவனுக்கு டர்க் இரண்டு கையையும் நீட்டும் கணத்தைத்தான் எடுத்துக்கொண்டார். ரத்தம் இல்லை, கருவி இல்லை. துன்பத்தின் அளவை வைத்துத் தகுதியை நிரூபிக்கும் பழக்கத்திலிருந்து இந்தப் படம் முற்றிலும் விலகிவிட்டது. நூறு ஆண்டுகளில் வந்த தூரம் இது.

கத்தோலிக்க உலகில் பழைய ஆதாரப் பாணி இதனால் ஓய்ந்துவிடவில்லை. பிராகாவின் இயேசு சபைக் குரு மத்தியாஸ் தன்னர் 1675இல், உலகெங்கும் கொல்லப்பட்ட தம் சபையினரைக் கண்டம் கண்டமாகப் பிரித்து ஒரு பெரிய புத்தகமாக்கினார். கரேல் ஷ்க்ரேத்தாவின் வரைபடங்களை வைத்து மெல்கியோர் க்யூசல் செதுக்கினார். ஆசியப் பகுதியில் நம் கடற்கரையும் வருகிறது. இயேசு சபையின் முதல் மறைசாட்சி என்று சபையினர் போற்றும் இத்தாலியர் அந்தோனியோ கிரிமினாலி, முத்துக்குளித்துறை மிஷனின் தலைவராக இருந்தபோது, 1549இல் ராமநாதபுரம் கடற்கரையின் வேதாளையில் வடுகர் படையால் கொல்லப்பட்டார். படகில் ஏறித் தப்ப வாய்ப்பிருந்தும், கரையில் நின்ற கிறிஸ்தவர்களை விட்டுப் போக மறுத்தார் என்கிறது சபையின் மரபு. அவர் இடத்துக்குத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் அன்ரிக்கே அன்ரிக்கஸ். புனிதர்களின் வரலாறுகளை 1586இல் தமிழில் அச்சேற்றியவர் அவரே. ரோமில் கவலியேரியின் தாள்கள் வெளிவந்துகொண்டிருந்த அதே சில ஆண்டுகளுக்குள்.

வேதாளையில் ஏன் படை வந்தது? போர்ச்சுகீசியத் தளபதி அங்கே அகழி வெட்டி, ராமேஸ்வரத்துக்குப் போகும் யாத்திரிகர்களிடம் வரி வசூலித்தார். அதுதான் மோதலைக் கிளப்பியது. மறைசாட்சிப் படத்தின் அமைப்பில் இதற்கு இடமே கிடையாது. அதில் மூன்றே பாத்திரங்கள்: கொல்பவர், சாகிறவர், மேலே வானம். வரி கட்டிய யாத்திரிகருக்கு எந்த எழுத்துக் குறியும் போட முடியாது. கோவாவின் குங்கோலிமில் 1583இல் கொல்லப்பட்ட இயேசு சபைக் குரு ருடோல்ஃப் அக்குவாவீவா விஷயத்திலும் இதே கதைதான். அக்பரின் அரண்மனைக்கு 1580இல் ஆன்ட்வெர்ப் அச்சுப்படங்கள் கொண்ட பைபிளை எடுத்துச் சென்ற குழுவின் தலைவர் அவர். பிறகு அவரே மறைசாட்சிப் படங்களின் பொருளானார். அந்த ஊரின் கோயில்களைப் போர்ச்சுகீசியர் முன்பு இடித்ததும், பின்பு ஊர்த் தலைவர்களைப் பேச்சுக்கு அழைத்துக் கோட்டையில் வைத்துக் கொன்றதும் படச் சட்டகத்துக்கு வெளியே நிற்கின்றன. அக்குவாவீவா தைரியசாலி, நேர்மையானவர் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. படம் பொய் சொல்கிறது என்றும் சொல்ல மாட்டேன். கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லும் சாட்சி அது.

மறைசாட்சியா இல்லையா என்று முடிவுசெய்யத் திருச்சபை கேட்கும் கேள்வி, கொன்றவர்கள் விசுவாசத்தின் மீதான வெறுப்பால் கொன்றார்களா என்பது. அக்குவாவீவாவுக்கும் உடன் இறந்தவர்களுக்கும் 1893இல் முக்திப்பேறு பட்டம் கிடைத்தது. கிரிமினாலிக்கு இன்னும் கிடைக்கவில்லை.